சபூர் யாருக்கு?

பத்தமடைப் பாயைப் பற்றி எழுத வருகிறவர்கள் தவறாமல் எழுதும் ஒரு சொல் ‘பொறுமை’. பட்டுப்பாயை மடித்துக் காட்டுவார்கள். தறியில் குனிந்திருக்கும் பெண்ணின் விரல்களைப் படம் எடுப்பார்கள். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போன கதையைச் சொல்வார்கள். கடைசியில் ‘அடேயப்பா, என்ன பொறுமை!’ என்று முடிப்பார்கள். என் உம்மாவும் பாய் நெய்தவள்தான். ‘ஒரு பாய்க்கு என்ன கூலி கெடைக்கும்?’ என்று அவளிடம் முதலில் கேட்ட விருந்தாளியை நான் பார்த்ததில்லை.

இதே சொல்தான் பள்ளிவாசல் பயானிலும் வருகிறது. கிதாபில் ஸப்ர், தெருவில் சபூர். கொஞ்ச காலமாகச் சபூரும் செல்போனும் சேர்ந்தே வருகின்றன. போன் ஷைத்தானின் கருவி, பெண் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், நஃப்ஸை அடக்கப் பழக்குங்கள் என்கிறார்கள். பயான் முடிந்து செருப்பு மாட்டுவதற்குள் அதே பயானின் இரண்டு நிமிடத் துண்டு வாட்ஸப்பில் வந்து விழுகிறது. நாமும் அதை நாலு குழுவுக்குத் தள்ளிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். போனைப் பற்றி நாம் பேசுகிற பொறுமை பொறுமையே அல்ல. அது நம் பெண்கள் மேல் போடும் பூட்டு. பூட்ட வேண்டியது ஆண்களாகிய நம் கட்டைவிரலை.

சும்மா சொல்லவில்லை. சில வருஷம் முன்பு ஒரு சாயங்காலம் எங்கள் தெருக் குழுவில் ஒரு படம் வந்தது. திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் ஒரு கல்லூரிப் பெண், பக்கத்தில் ஓர் இளைஞன். அவன் முகம் தெரியவில்லை. கீழே, ‘நம்ம பிள்ளைகள் போற போக்கைப் பாருங்க’ என்று ஒரு வரி. குழுவில் இருந்த எல்லாருமே ஆண்கள். நானும் அழுகிற முகம் ஒன்றைப் போட்டு, இன்னொரு குழுவுக்கு அனுப்பினேன். சமுதாயக் கவலையில் செய்ததாகத்தான் அன்றைக்கு நினைப்பு. மஃரிபுக்கு வந்த படம் இஷாவுக்குள் அவள் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த இளைஞன், சவூதியிலிருந்து விடுப்பில் வந்திருந்த அவளுடைய கூடப்பிறந்த காக்கா.

குழுவில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ‘ஓ, அப்படியா’ என்று ஒருத்தர் போட்டார். மறுநாள் காலை ரோஜாப்பூ படத்தோடு சலாம் வந்தது. அவள் படிப்பு மட்டும் அந்த வருஷத்தோடு நின்றது. போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் போய்ச் சொன்னது: ‘சபூர் செய்யும்மா, அல்லா கூலி தருவான்.’

உம்மா அன்றைக்கு ராத்திரி என்னிடம் கேட்டாள்: ‘சபூரு சபூருன்னு அந்தப் புள்ளகிட்டயே சொல்லுதாங்களே, படத்த அனுப்புனவன் வெரலுக்கு யாராவது சொன்னாங்களால?’ நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

மார்க்கம் என்ன சொல்கிறது? அரபியில் ஸப்ர் என்ற சொல்லின் வேரில் இருக்கும் பொருள் தடுத்து நிறுத்துவது, கட்டி வைப்பது. அறிஞர்கள் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: கடமையில் நிலைத்து நிற்கும் பொறுமை, பாவத்திலிருந்து தன்னைத் தடுக்கும் பொறுமை, துன்பத்தைத் தாங்கும் பொறுமை. நம் ஊரில் மூன்றாவது மட்டும்தான் புழக்கத்தில் இருக்கிறது. அதையும் பெண்களுக்கு எழுதி வைத்துவிட்டோம். இரண்டாவது, நம் பங்குக்கு வருவது, காணாமல் போய்விட்டது.

பொறுமை என்பது முதல் அதிர்ச்சியிலேயே இருக்க வேண்டும் என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்). படம் திரையில் விழுகிற அந்த ஒரு நொடிதான் நமக்கு முதல் அதிர்ச்சி. அனுப்பிவிட்டு மறுநாள் தஸ்பீஹ் உருட்டுவதில் என்ன சபூர் இருக்கிறது? செய்தி வந்தால் விசாரித்துக்கொள்ளச் சொல்வதும், துருவிப் பார்ப்பதையும் புறம் பேசுவதையும் தடுப்பதும் ஒரே அத்தியாயம்தான், அல்ஹுஜுராத். பார்வையைத் தாழ்த்தும் கட்டளை சூரத்துந் நூரின் 30ஆவது வசனத்தில் ஆண்களுக்கு முதலில் வருகிறது. பெண்களுக்கு அதற்கு அடுத்த வசனத்தில். நாம் பயானில் 31இலிருந்து ஆரம்பிக்கிறோம்.

பொய்ச் செய்தி என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியாததா? 2018 மே மாதம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயதுச் சென்னைப் பெண்மணி, வழியில் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றார்கள். வாட்ஸப்பில் சுற்றிய வதந்தி செய்த வேலை அது. நாடு முழுக்க இப்படிப் பல கொலைகள் நடந்த பிறகே, அந்த ஜூலையில் வாட்ஸப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாமல் ஆக்கியது.

2020இல் அடி நம் மேலேயே விழுந்தது. டெல்லி தப்லீக் கூட்டத்தைச் சாக்காக வைத்து, கொரோனாவைப் பரப்புகிறவர்கள் முஸ்லிம்கள் என்று கோடிக்கணக்கான போன்களில் ஓடியது. இங்கே மேலப்பாளையத்தை அடைத்து வைத்திருந்த நாட்களில் அந்தப் பார்வையை நாம் அனுபவித்தோம். ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு வெளிநாட்டு தப்லீக் உறுப்பினர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலியாடுகளாக ஆக்கப்பட்டிருக்கக்கூடும் என்றது. பொய் ஓடி முடித்த பிறகு தீர்ப்பு நடந்து வந்தது. பலியாடாக நின்ற நாமே நம் தெருப் பெண்ணை இன்னொரு பலியாடாக நிறுத்தினோம் என்றால், அந்த நாட்களிலிருந்து நாம் கற்றது என்ன?

‘போன் கையில் இருந்தால் பிள்ளை கெட்டுப் போகாதா?’ என்பார்கள். சின்னப் பிள்ளைகளைக் கவனிக்கத்தான் வேண்டும், ஆணோ பெண்ணோ. ஆனால் கல்லூரி போகும் மகளுக்கு அந்தப் போனில்தான் உதவித்தொகை அறிவிப்பும் வேலை விண்ணப்பமும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. அதைப் பறிப்பது அவளைப் பாவத்திலிருந்து காப்பதில்லை, உலகத்திலிருந்து வெட்டுகிறது. போனைத் தருபவர் வாப்பா, பறிப்பவர் வாப்பா என்றால், அவள் நஃப்ஸை அவள் எங்கே பழக்குவாள்?

இன்னொரு பக்கம், ‘எல்லாம் அவங்கவங்க மனக்கட்டுப்பாடு’ என்பவர்களும் உண்டு. அதுவும் பாதி உண்மைதான். 2006இல் முடிவில்லாமல் கீழே ஓடும் திரையை உருவாக்கிய அசா ரஸ்கின், பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். கடைசிப் பக்கம் இல்லாததால் நிறுத்தவே தோன்றாது. நிறுத்த விடாமல் செய்த பொருளிடம் வெறும் மனதை மட்டும் நம்பிப் போனால் தோற்போம்.

கோரை வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும். அறுத்த கோரையைக் காயவைத்து, கீறி, நேர்த்தியான பாய் என்றால் ஒரு வாரம் ஓடும் தண்ணீரில் போடுவார்கள். ஊறி உப்பி, மறுபடி காய்ந்த பிறகே தறிக்கு வரும். உம்மா பொறுமைசாலி என்பதால் காத்திருக்கவில்லை. அவளுக்கும் அவசரம் உண்டு, கடன் உண்டு. ஆனால் வேலையின் முறையே காக்க வைத்தது. நமக்கும் அப்படி ஒரு முறைதான் வேண்டும். கோரைக்கு ஒரு வாரம். ஓர் ஆளைப் பற்றிய செய்திக்கு ஓர் இரவாவது கூடாதா?

ஜமாஅத்துகள் போனுக்குத் தடை போடுவதை விட்டுவிட்டுக் குழுக்களுக்கு ஒழுங்கு வைக்கட்டும். பெயரோ முகமோ உள்ள செய்தியைச் சம்பந்தப்பட்டவரிடம் கேட்காமல் யாரும் அனுப்பக்கூடாது. பொய் என்று தெரிந்தால், போட்டவரே அதே குழுவில், அதே பெயரில், தப்பு என்று எழுத வேண்டும். மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையென்றால் வாசலிலிருந்தே திரும்பிவிடச் சொன்ன மார்க்கம் இது. அடுத்தவர் வீட்டுக்குள் படமாக நுழைவதற்கு மட்டும் அனுமதி வேண்டாமா?

இதை எழுதுமுன் அந்த வீட்டுக்குப் போனேன். அடியார்களின் ஹக்கை அவர்கள் மன்னிக்காமல் அல்லாவும் மன்னிப்பதில்லை என்று ஓதியிருக்கிறோமே. நான் அனுப்பியதைச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, ‘எழுதுங்க மாமா, எம் பேரு வேண்டாம்’ என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லச் சொல்லி அவளிடம் சபூர் கேட்கும் உரிமை எனக்கு இல்லை. அடையாளங்களை மாற்றி எழுதியிருக்கிறேன். அந்தக் குழுவில் இன்னும் இருக்கிறேன். முதலில் இதை அங்கேதான் போடுவேன், என் பெயரோடு.