அமீபா என்ன ஜாதி?

அன்னவாசல் பக்கத்துக் குளமொன்றில் அழுகிய இலையோடு ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பொறுமையாய்த் தேடுங்கள். கஞ்சிப் பசை போன்ற ஒரு துளி மெல்ல நகர்வதைக் காணலாம். அதுதான் அமீபா. சில வகை அரை மில்லிமீட்டர் இருக்கும். சில வகை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். உடம்பு முழுவதும் ஒரே செல். மேலே மெல்லிய சவ்வு. உள்ளே குழைவான புரோட்டோபிளாசம். அதில் ஒரு உட்கரு. மிஞ்சிய தண்ணீரை வெளியே தள்ளச் சுருங்கி விரியும் ஒரு குமிழி. அவ்வளவுதான்.

நிற்க. பிராமணன் முகத்திலும், க்ஷத்திரியன் தோளிலும், வைசியன் தொடையிலும், சூத்திரன் பாதத்திலும் பிறந்ததாக மனுதர்மம் சொல்லுகிறது. அமீபாவுக்கோ முகமில்லை, தோளில்லை, தொடையில்லை. நகர வேண்டுமானால் எந்தப் பக்கத்திலும் ஒரு காலை நீட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் அக்கால் உடம்போடு கரைந்துவிடும். இரையை வளைத்து விழுங்கும் வாயும் அந்தக் காலேதான்! பிறப்போ, ஒன்று இரண்டாகப் பிளப்பது. இதற்கு எந்த வருணம், என்ன கோத்திரம் என்று சாஸ்திரிகள் சொல்லட்டும்.

"அது அற்பப் பிராணி, மனிதனுக்குப் பொருந்தாது" என்பார்கள். மனிதனும் தாய் வயிற்றில் ஒரே செல்லாகத்தான் தொடங்குகிறான். அர்ச்சகர் இரத்தத்திலும், சாக்கடை அள்ளுகிறவர் இரத்தத்திலும், அமீபாவைப் போலவே ஊர்ந்து கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள்தான் இருக்கின்றன.

இதை இங்கே ஏன் சொல்லுகிறோம்? இதே அன்னவாசல் ஒன்றியத்து வேங்கைவயலில், 2022 டிசம்பர் 26இல், ஆதிதிராவிடர்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிய வந்தது. கலந்தது யார் என்பது கோர்ட்டு தீர்க்க வேண்டிய விஷயம். அதற்குள் நாம் போகவில்லை. ஆனால் விசாரிக்கப்போன கலெக்டர் கண்டதென்ன? டீக்கடையில் இரட்டைக் குவளை! கோயிலுக்குள் ஆதிதிராவிடரைக் கலெக்டரே அழைத்துப்போக வேண்டியதாயிற்று!

குவளையைப் பிரித்து வைத்தவர்கள் பூணூல் போட்டவர்களா? இல்லை. காலில் பிறந்தவன் என்று சாஸ்திரம் இழிவுபடுத்திய நம்மவர்களே. தம்மை இழிவுபடுத்திய அதே பொய்யை நம்பித் தமக்குக் கீழே ஒருவனைத் தேடுகிறார்கள். இதைவிட மானக்கேடு உண்டா?

மலம் கலந்த தண்ணீர் வழியே, அமீபா இனத்தில் ஒன்று குடலில் புகுந்து சீதபேதி உண்டாக்கும். அது தனிக்குவளை கேட்பதில்லை. மூளையில்லாத பிராணிக்கு எல்லா மனிதரும் ஒன்றாயிருக்க, மூளையுள்ளவர்களுக்கு மட்டும் ஏன் இரண்டு குவளை? ஆறறிவு என்பது இதற்குத்தானா என்றுதான் கேட்கிறோம்.