டெண்டர் இரத்தானால் யாரைத் திட்டுகிறோம்?



ஒரு அரசாங்க டெண்டர் இரத்தாகிவிட்டது என்றால் நம் ஊரில் என்ன பேச்சு? "தோத்தவன் பெட்டிசம் அடிச்சிட்டான், வேலை பாழாப் போச்சு." முறைப்பாடு செய்தவரைத் திட்டுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். ஏன் இரத்தானது என்று கேட்பதில்லை.

நுரைச்சோலை மின் நிலையத்துக்கு நிலக்கரி வழங்கும் டெண்டர் சுவிஸ் சிங்கப்பூர் கம்பனிக்குப் போனபோது, வாய்ப்பை இழந்த நோபல் ரிசோர்சஸ் உயர் நீதிமன்றம் சென்றது. 2016இல் அந்த மனு தள்ளுபடியானது. ஆனால் டெண்டர் நடந்த விதம் மனச்சாட்சியையே உலுக்குவதாக நீதிமன்றம் கூறியது. பிறகு அமைச்சரவை அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு புதிய டெண்டர் கோரத் தீர்மானித்தது. வழக்குப் போட்டவர் தன் இலாபத்துக்காகத்தான் போனார். ஆனாலும் அவர் போகாவிட்டால், மின்கட்டணம் கட்டும் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது.

மறுபக்கமும் உண்டு. 50 இலட்சம் இலத்திரனியல் கடவுச்சீட்டு டெண்டரை எதிர்த்து எபிக் லங்கா நிறுவனம் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்ற 2024இல்தான், வெளிநாடு போக வேண்டிய நம் பிள்ளைகள் பத்தரமுல்லையில் இரவிரவாக வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்பவர் எந்த டெண்டர் வழக்கிலும் கட்சிக்காரர் அல்ல.

ஆகவே முறைப்பாட்டைத் தடுப்பது தீர்வல்ல. ஒப்பந்தம் கைச்சாத்திடுமுன் அதை விரைவாக விசாரிக்க வேண்டும். இரத்துச் செய்தால் காரணத்தை எழுத்தில் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். விலைகள் வெளியே வந்தபின் இரத்துச் செய்து மறுபடி கேட்டால், முதலில் நேர்மையாகக் குறைத்துப் போட்டவர்தான் நட்டப்படுவார்.

கொழும்பை மட்டும் குறை சொல்லி முடியாது. நமக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் கூரை திருத்த கொட்டேஷன் கேட்டார்கள், திறந்தார்கள், பிறகு "கேன்சல்" என்றார்கள். ஒரு பாஸ்மார் மட்டும் ஏன் என்று கேட்டார். "பொறாமை" என்று நாமே அவரை வாயடைத்தோம். அந்த மழைக்காலம் முழுக்க நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மேசையை இழுத்து இழுத்துத்தான் படித்தார்கள். ஆசிரியர்களான நாமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பிரஜையான எவரும் ஒரு கடிதம் கொடுத்து இரத்துக்கான காரணத்தைக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டெண்டரில் போட்டியிட்டவராக இருக்கத் தேவையில்லை.

பொதுப்பணம் அமானிதம். அடுத்த முறை ஒருவர் "ஏன் கேன்சல்?" என்று கேட்டால், அவரோடு சேர்ந்து நாமும் கேட்போம்.