காயம் சிறிதென்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள்

மோட்டார் ரூமில் ஷாக் அடித்து, உள்ளங்கையில் பொட்டளவு கருகிய காயத்தோடு தப்பியவர்களைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். "நல்லவேளை, தூக்கி எறிஞ்சிடுச்சு" என்பார்கள். காயத்தின் மேல் மஞ்சளோ பேனா மையோ பூசியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டால், "இதுக்கா?" என்று சிரிப்பார்கள்.

அடுப்பில் சுட்ட காயம் வேறு, மின்சாரம் சுட்ட காயம் வேறு. மின்சாரம் கை வழியே நுழைந்து கால் வழியே தரையில் இறங்கும்போது, இடையில் உள்ள தசை, நரம்பு, ரத்தக்குழாய்களைப் பொசுக்கிவிடக்கூடும். வெளியே தெரிவது நுழைந்த இடமும் வெளியேறிய இடமும்தான். சிதைந்த தசையிலிருந்து கசிவது சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். இதயத் துடிப்பும் தடம் மாறலாம் என்பதால் காயம் எவ்வளவு சிறிதானாலும் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

ஒருவர் ஷாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் மெயினை அணையுங்கள். அதற்குமுன் அவரைத் தொடாதீர்கள். அறுந்து கிடப்பது மின்வாரியக் கம்பி என்றால் காய்ந்த குச்சியைக்கூட நம்பாமல் தள்ளி நின்று, மின்வாரியத்தாரை அழைத்து லைனை நிறுத்தச் சொல்லுங்கள். மின்சாரம் நின்றபின் மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் அழுத்திக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவோடு இருந்தால், தீய்ந்த இடத்தில் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஊற்றிச் சுத்தமான துணியால் மூடி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனி என் குறையைச் சொல்கிறேன். மின்கசிவு வந்த நொடியில் லைனைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியைப் பலர் வாங்கி மாட்டிவிட்டு, "அடிக்கடி ட்ரிப் ஆகுது" என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள். மோட்டாரிலோ கேபிளிலோ மின்சாரம் கசிகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. சரிசெய்ய வேண்டியது மோட்டாரை, கழற்றியதோ காவல்காரனை! ஃபியூஸ் போகாமலிருக்கத் தடித்த செம்புக் கம்பி கட்டுவதும் இதே கதைதான். ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள், கரண்ட் இல்லாத நேரத்திலும் மெயினை அணைக்காமல் மோட்டாரில் கைவைக்க வேண்டாம். கரண்ட் வந்தால் அது தானே ஓடத் தொடங்கும். காட்டுப்பன்றிக்காக வேலியில் நேரடி மின்சாரம் விடுவது சட்டப்படி குற்றம்; அதில் மாட்டுவது பன்றி மட்டுமல்ல.

சொட்டுநீர் ஆய்வுக்கு வயலுக்குப் போகும் அலுவலர்கள், அங்கேயே எர்த் கம்பி இணைப்பில் இருக்கிறதா என்று பார்த்து, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பார்க்கலாம். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்பது எனக்கும் தெரியும்.