ஆங்கிலத்துக்கும் செய்முறைத் தேர்வு வேண்டும்

திறன்மிகு பணியாளர் விசா கேட்போருக்கான ஆங்கிலத் தகுதியை பிரிட்டன் அரசு 2026 ஜனவரி 8 முதல் பி1 நிலையிலிருந்து பி2 நிலைக்கு உயர்த்திவிட்டது. ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வின் கணக்கில், பேச்சுப் பகுதியில் 4 எடுத்தால் போதும் என்றிருந்தது 5.5 ஆகிவிட்டது. இதற்கு மதுரை கண்ட பதில், கே.கே.நகரிலும் அண்ணா நகரிலும் காளவாசலிலும் பயிற்சி வகுப்புகளைத் தேடி ஓடுவது. முப்பது நாளில் சரளமாகப் பேச வைக்கிறோம் என்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பு தராத ஒன்றை முப்பது நாள் தந்துவிடும் என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்களே, அதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடங்களில் முடிந்துவிடும். முதலில் ஊர், வீடு, படிப்பு பற்றிய சாதாரணக் கேள்விகள். அடுத்து ஒரு அட்டையில் தலைப்பு தருவார்கள். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். கடைசியில் அதே பொருளையொட்டி ஒரு விவாதம். தங்குதடையின்றிக் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம மதிப்பெண். வெள்ளைக்காரர் போல் பேச வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. சொல்வது புரிந்தால் போதும். சொல்லும் கருத்து சரியா தவறா என்பதற்கும் மதிப்பெண் கிடையாது.

இதற்கு நாம் தரும் பயிற்சியோ மனப்பாடம். அண்மையில் ஒரு வகுப்பில் உட்கார்ந்து கவனித்தேன். ‘நீங்கள் சென்று வந்த ஓர் இடம்’ என்பது தலைப்பு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த, நர்சிங் முடித்த பெண் தாஜ்மகாலைப் பற்றி மூச்சுவிடாமல் ஒப்பித்தார். எந்த ரயிலில் போனீர்கள் என்று ஆசிரியர் கேட்டதும் வாய் அடைத்துப்போயிற்று. அவர் ஆக்ராவுக்குப் போனதே இல்லை. வகுப்பு முடிந்ததும் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பற்றித் தமிழில் கேட்டேன். மண்டகப்படிகள், தண்ணீர் பீய்ச்சுவது, விடிய விடியக் கூட்டம் என்று தங்குதடையில்லாமல் கொட்டினார். சொல்வதற்கு விஷயம் இருக்கிறது, சொல்லும் திறமையும் இருக்கிறது. ஆங்கிலத்தில் வாய் திறக்கும்படி பள்ளியில் அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் கேட்கவில்லை? பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வைப் பாருங்கள். அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. அமிலத்தையும் காரத்தையும் கையாண்டு செய்து பார்த்தால்தான் அறிவியல் என்பதை அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்துக்கோ நூற்றுக்கு நூறும் எழுத்துத் தேர்வு. ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் ஒரு மாணவர் ஆங்கிலத்தில் 95 வாங்கலாம், ஆண்டுதோறும் வாங்குகிறார்கள். மதிப்பெண் இல்லாத எதையும் நம் பள்ளிகள் நடத்துவதில்லை. இந்தப் பொதுத் தேர்வு, நீச்சல் குளத்தில் இறங்காதவருக்கு நீச்சல் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 25 மதிப்பெண் சோதனைக் குழாய்க்கு உண்டு, வாய்க்கு இல்லை என்பதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

இந்த அலட்சியத்தில் லாபம் பார்ப்பவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் கவுன்சில் இந்தியாவில் நடத்திவந்த ஐஇஎல்டிஎஸ் தொழிலை 2021-இல் ஆஸ்திரேலியாவின் ஐடிபி நிறுவனம் 13 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது. நம் பிள்ளைகள் பேசத் தயங்குவதற்குச் சந்தை போட்ட விலை அது. ஒருமுறை தேர்வு எழுதவே 16 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. முடிவு செல்லுபடியாவது இரண்டே ஆண்டு.

பேச்சுத் தேர்வு வைத்தால் ஆசிரியர்கள் மதிப்பெண்ணை வாரி வழங்கிவிடுவார்கள் என்கிறார்கள். அறிவியல் செய்முறையிலும் அதே புகார் உண்டு. அதற்காக ஆய்வகத்தைப் பூட்டச் சொன்னவர் யார்? கிராமத்துப் பிள்ளைகள் பாதிக்கப்படுவார்கள் என்று இன்னொரு வாதம். இப்போது மட்டும் வாழ்கிறார்களா? மேலூர்ப் பிள்ளை இருபத்திரண்டு வயதில் கடன் வாங்கிப் படிப்பதை, நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளை ஆறு வயதிலேயே பழகிவிடுகிறது. தமிழ் தேய்ந்துவிடும் என்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை. அவர்களில் பலருடைய வீட்டுப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். 1968-இல் சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக நிறைவேற்றிய மாநிலம் இது. இரண்டாவது மொழியில் பேசவே சொல்லித்தராமல் இருமொழி என்று எப்படிச் சொல்வது?

செவிலியர்களின் நிலை இன்னும் கொடுமை. பிரிட்டனில் பதிவு பெற அவர்களுக்கு ஐஇஎல்டிஎஸ் பேச்சில் 7 வேண்டும். அல்லது மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வில் பி தரம். ஓஇடியில் எதிரே இருப்பவர் நோயாளியாக நடிப்பார். பயந்திருப்பவரைத் தேற்றி, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டு, சிகிச்சையை விளக்க வேண்டும். ராஜாஜி அரசு மருத்துவமனை வார்டில் நம் செவிலியர்கள் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான். “ஒண்ணும் இல்லத்தா, பயப்படாத, ஊசி போட்டா காய்ச்சல் எறங்கிரும்” என்பதைவிடச் சிறந்த மருத்துவ உரையாடலை யாரும் கற்றுத்தர முடியாது. அதை ஆங்கிலத்தில் சொல்லும் பழக்கம் ஒன்றுதான் குறை.

பேச்சு மதுரைக்குப் புதிதும் அல்ல. அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையா பட்டிமன்றத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்த ஊர் இது. ஒரு கருத்தைச் சொல்லி, காரணம் காட்டி, எதிர்வாதத்தை மடக்குவது, அதாவது ஐஇஎல்டிஎஸ் மூன்றாம் பகுதி கேட்பது, நம் பிள்ளைகள் திருவிழா மேடைகளின் கீழே உட்கார்ந்து கேட்டு வளர்ந்தது.

நான் முதல்வன், தாட்கோ வழியாக அரசு தரும் பயிற்சிகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் கல்லூரிக்கு வந்த பிறகு போடும் மருந்து. நோய் ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. ஒரு மாணவருக்குப் பத்து நிமிடம் என்றால் நாற்பது பேர் வகுப்புக்கு 400 நிமிடம், இரண்டே நாள் வேலை. பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வந்து தேர்வு வைக்கட்டும். தாஜ்மகால் வேண்டாம், தெப்பக்குளத்தைப் பற்றிக் கேட்கட்டும்.

பள்ளிக் கல்வித் துறை அடுத்த கல்வியாண்டிலேயே பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை எழுத்து 75, பேச்சு 25 என்று பிரிக்க வேண்டும். அதைச் செய்தால் ஐந்தே ஆண்டில் இந்தப் பயிற்சி வகுப்புகளுக்கு மதுரையில் வேலை இருக்காது. செய்யாவிட்டால், லண்டன் விதி எழுதும் ஒவ்வொரு முறையும் உசிலம்பட்டிதான் கடன் வாங்கிக் கட்டணம் கட்டும்.