பித்தின் மொழி எது? ‘மணிச்சித்திரத்தாழ்’ வாசிப்புகளுக்கு ஒரு மறுப்புரை

பாசிலின் இயக்கத்திலும் மது முட்டத்தின் திரைக்கதையிலும் 1993-இல் வெளிவந்த மலையாளத் திரைப்படம் ‘மணிச்சித்திரத்தாழ்’. கங்கா, நாகவல்லி ஆகிய இரு நிலைகளையும் நடித்துக் காட்டிய ஷோபனாவுக்கு அது சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. 2024-இல் புதுப்பிக்கப்பட்ட வடிவில் மீண்டும் திரையரங்குகளுக்கு வந்தது. பேயச்சமும் குடும்பக் கதையும் விரவிய இப்படத்தைப் பற்றி ஒரு கருத்து நிலைபெற்றுவிட்டது. மூடநம்பிக்கையை உளமருத்துவம் வென்ற கதை என்பதே அது. இக்கருத்து ஆராயப்படாமலே கைமாறி வருகிறது. அது மேலோட்டமான வாசிப்பு. ஒரு குடும்பம் செய்த கொலையின் பழியை அக்குடும்பத்திற்கு வெளியிலிருந்து வந்த பெண்ணின் மீதும், அவள் வாயிலாக அண்டை மொழியொன்றின் மீதும் இறக்கிவைப்பதே இப்படம் உண்மையில் செய்யும் வேலை.

கதை யாவரும் அறிந்ததே. மாடம்பள்ளித் தறவாட்டின் மூத்தோனாகிய சங்கரன் தம்பி, தஞ்சையிலிருந்து கொணர்ந்த ஆடல்மகள் நாகவல்லியைக் கொல்கிறான். அவள் இராமநாதன் என்பவனைக் காதலித்ததே அவள் செய்த குற்றம். தலைமுறைகள் கழிந்தபின் அவ்வில்லத்திற்கு வரும் நகுலனின் மனைவி கங்கா, பூட்டிக் கிடந்த தெக்கினி என்னும் தென்புறக் கட்டைத் திறக்கிறாள்; நாகவல்லியாக மாறுகிறாள்.

இங்கு முதலில் எழுப்பவேண்டிய வினா மரபுரிமை பற்றியது. கொலைசெய்தவனின் வழித்தோன்றல் நகுலன். வீடும் அவனுடையது. ஆயின் நோய் கங்காவுக்கு வருகிறது. அவள் அக்குருதி வழியில் வந்தவள் அல்லள். பெற்றோரைப் பிரிந்து பாட்டியிடம் வளர்ந்த இளமையின் தனிமை ஒன்றே அவள் கொண்டுவந்த முதுசொம். சொத்து அவனுக்கு, பித்து அவளுக்கு என்னும் இப்பங்கீட்டைப் படம் எவ்விடத்தும் கேள்விக்கு உட்படுத்தவில்லை. கங்காவின் இளமைக் காயத்தைக்கூட அவள் தன் வாயால் சொல்வதில்லை. மருத்துவர் சன்னி பிறருக்கு எடுத்துரைக்கிறார். இறுதியில் அவள் நலம்பெறுகிறாள். வீட்டாரோ தம் மூதாதையின் கொலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவேண்டிய தேவையின்றி விடுதலை பெறுகின்றனர்.

அறிவியலின் வெற்றி என்னும் கூற்றும் நிலைக்காது. கங்கா குணமடைவது உரையாடலால் அன்று. மந்திரவாதியின் துணையோடு சடங்குக் களம் அமைக்கப்படுகிறது. சங்கரன் தம்பி என நம்பி ஓர் உருவப் பொம்மையை அவள் வெட்டுகிறாள். சடங்கின் வடிவைக் கடன்பெறாமல் இங்கு மருத்துவம் ஓரடியும் நகரவில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் பத்தாம் நோய்ப்பகுப்பும் ஆவேச நிலையைப் பன்முக ஆளுமையிலிருந்து பிரித்தே வைத்தது. சமயமும் பண்பாடும் ஏற்கும் சூழலில் நிகழும் ஆவேசத்தை அது நோயெனக் கொள்ளவும் இல்லை. அறிவியலே ஏற்காத எளிய எதிர்வை இலக்கிய ஆய்வு ஏன் சுமக்கவேண்டும்?

தமிழாய்வாளர்கள் தவறாது நோக்கவேண்டிய பகுதி மொழி. நாகவல்லி தமிழ் பேசுகிறாள், தமிழில் பாடி ஆடுகிறாள், தமிழில் சினக்கிறாள். மலையாளம் பேசும் கங்கா இல்லத்தரசி. தமிழ் பேசும் கங்கா நோயாளி. இப்படம் பிற மொழிகளுக்குச் சென்றபோது நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. பி. வாசு இயக்கிய கன்னட ‘ஆப்தமித்ரா’விலும் (2004) தமிழ்ச் ‘சந்திரமுகி’யிலும் (2005) ஆவியின் மொழி தெலுங்கு. பிரியதர்சனின் இந்திப் படமான ‘பூல் புலையா’வில் (2007) அது வங்காளம். நடிகர்களும் அரண்மனைகளும் மாறின. இந்த ஒரு விதி மட்டும் மாறவில்லை. இந்நான்கனுள் ஒன்றிலேனும் பித்தேறிய பெண் அவ்வீட்டின் தாய்மொழியில் பேசவில்லை.

நாகவல்லியின் தமிழ் ஆடற்கலையின் மேன்மையைக் காட்டுவது, அது இழிவன்று, புகழ்ச்சியே எனச் சிலர் கூறக்கூடும். கலையை வியப்பதும் கலைஞரை அஞ்சி அடைப்பதும் ஒருங்கே நிகழக்கூடியவை. நாகவல்லிக்குத் தமிழ்க்குரல் தந்தவர் துர்கா. நெடுங்காலம் அக்குரல் பாக்கியலட்சுமியுடையது என்றே எண்ணப்பட்டது. 2016-இல் இயக்குநரே உண்மையை வெளியிட்டார். கதைக்குள் பூட்டப்பட்ட குரல், கதைக்கு வெளியிலும் இருபதாண்டுகளுக்கு மேல் பெயரின்றிக் கிடந்தது.

ஆயினும் கேரளத்தை மட்டும் குறைகூறி அமைவது நேர்மையாகாது. தமிழுக்கு அக்கதை வந்தபோது தமிழ்த் திரையுலகம் செய்தது என்ன? தான் இருந்த இடத்தில் தெலுங்கை நிறுத்தியது. வழிவழி வந்த தறவாடு, விலைகொடுத்து வாங்கிய மாளிகையாயிற்று. பழியின் தொடர்ச்சியும் அறுந்தது. நோய் தீர்க்கும் மருத்துவனையும் கொலைசெய்த வேட்டையனையும் ஒரே உச்ச நடிகர் ஏற்றார். கொலைகாரனின் சிரிப்பு கைதட்டலுக்குரியதாயிற்று. தமிழ்ப்பெண் பித்தியாகக் காட்டப்பட்டதை நோவோர், தெலுங்குப்பெண் அவ்வாறு காட்டப்பட்டபோது வாளாவிருந்தது எவ்வகை நடுவுநிலை?

இப்பழிக்கு மாற்றுவழி தமிழ் மரபிலேயே உண்டு. ‘மணிச்சித்திரத்தாழ்’ படமாக்கப்பட்ட இடங்களுள் ஒன்று பத்மநாபபுரம் அரண்மனை. 1956 முதல் அது தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பினும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. அவ்வரண்மனை அமைந்த குமரி மாவட்டத்தில் இசக்கியம்மன் வழிபாடு இன்றும் உயிர்ப்புடன் விளங்குகிறது. வில்லுப்பாட்டாக வழங்கும் இசக்கி கதையும் நகைக்காகக் காதலனால் கொல்லப்பட்ட ஒரு தாசியின் கதையே. அங்கு ஊரார் அவளை மருந்திட்டு மறக்கச் செய்யவில்லை, பீடமிட்டுப் படையலிட்டனர். கொன்றவர் யார், கொல்லப்பட்டவள் யார் என்பது ஆண்டுதோறும் கொடைவிழாவில் பாடப்படுகிறது. நாட்டார் மரபு பழியை நினைவில் வைத்து ஆற்றுகிறது. திரைமரபோ நினைவை அழித்து ஆற்றுகிறது. இவற்றுள் எது மூடநம்பிக்கை, எது தெளிவு என்பதை ஆய்வுலகம் மீண்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இப்படத்தின் நற்கூறுகளை மறுப்பதற்கில்லை. நோயுற்ற மனைவியைக் கணவன் கைவிடவில்லை; எவரும் அவளை வெறுக்கவில்லை. 1993-இல் அது சிறிய செயலன்று. ஆனால் அப்பரிவு ஊன்றிய வேர் ஆழமற்றது என்பதைப் பின்வந்தவை காட்டிவிட்டன. ‘பூல் புலையா 2’ (2022), ‘சந்திரமுகி 2’ (2023) ஆகிய இரண்டிலும் உளவியல் விலகியது. உண்மைப் பேயே வந்து நின்றது. அறிவியல் வென்றது என்று முழங்கியவர்கள் இதற்கு விடை கூறவேண்டும்.

தமிழ்த்துறைகளில் திரைப்படம் பாடமாகிவிட்ட இக்காலத்தில், இந்நான்கு படங்களையும் அருகருகே வைத்துக் கற்பித்தல் இன்றியமையாதது. பேயா, நோயா என்னும் பழைய வினாவோடு நின்றுவிடாமல், யாருடைய பழி யாருடைய உடலில், யாருடைய மொழியில் பேசவைக்கப்படுகிறது என்று மாணவர் கேட்கப் பழகவேண்டும். அவ்வினா எழாதவரை தெக்கினியின் கதவு திறந்ததாகக் கொள்ளவியலாது.