துருக்கியில் தொப்பி

தொப்பி போட்டால் மதம் போய்விடும் என்று துருக்கி முல்லாக்கள் கூச்சலிட்டார்கள். 1925-ம் வருஷத்தில் முஸ்தபா கமால் பாஷா குல்லாயை ஒழித்து ஐரோப்பியத் தொப்பியைச் சட்டமாக்கியபோது நடந்த கூத்து இது. அந்தக் குல்லாய்தான் எப்பொழுது மதமாயிற்று? 1829-ல் சுல்தான் இரண்டாம் மகமூது தலைப்பாகையை நீக்கி உத்தியோகஸ்தர்கள் தலையில் அதை வைத்தபோதும் மதம் போயிற்றென்றுதானே கத்தினார்கள்! நூறு வருஷத்திற்குள் அதுவே ஆண்டவன் கட்டளையாகிவிட்டது!

சட்டம் வருமுன்பே, 1924-ல், தொப்பியைக் கண்டித்து எழுதிய அதிப் ஹோஜாவை 1926-ல் தூக்கிலிட்டதை மாத்திரம் நாம் ஒருக்காலும் ஒப்பமாட்டோம். அது பகுத்தறிவாகாது.

குடியானவன் செய்ததைப் பாருங்கள். விளிம்பு வைத்த தொப்பியோடு நெற்றி தரையில் படாதே, தொழுவதெப்படி என்றார் முல்லா. அவனோ முன்பக்கம் மாத்திரம் விளிம்புள்ள தொப்பியாக வாங்கிப் போட்டுக்கொண்டான். தொழும் வேளையில் அதைப் பின்பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.