வண்டி நிறுவனத்துடையது; மின்கட்டணம் யாருடையது?

மின்வாகனக் கடன் கோரும் நிறுவனங்கள் பல, வண்டியின் விலையைக் கணக்கிடுகின்றன. இரவில் அது எங்கே மின்னேற்றம் பெறும் என்பதை மறந்துவிடுகின்றன.

செம்பூரில் வாகன நிறுத்துமிடம் உள்ள ஊழியர் வீட்டிலேயே மின்னேற்றலாம். ஆனால், மும்பையில் வீட்டு மின்கட்டண விகிதம் 100, 300, 500 யூனிட்டுகளைத் தாண்டுகையில் படிப்படியாக உயர்கிறது. வண்டிக்கான யூனிட்டுகள் மேல்படியில் சேர்வதால், சராசரி விகிதத்தில் ஈடுசெய்தால் ஊழியருக்கே நட்டம். 2024ஆம் ஆண்டின் விதித் திருத்தப்படி மின்வாகனத்துக்குத் தனி இணைப்புப் பெறலாம். அச்செலவை நிறுவனம் ஏற்பதே நியாயம்.

மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலும் தாராவியின் குறுகிய சந்துகளிலும் அதற்கு இடமேது? அங்கு வசிப்போருக்குப் பணியிட மின்னேற்றமோ, பேட்டரி மாற்று நிலையமோதான் பொருந்தும். வீட்டில் இடமில்லை என்பதற்காக ஓட்டுநரின் வேலை பறிபோகலாகாது.

மின்னேற்றச் செலவையும் திட்ட அறிக்கையில் சேர்த்த பின்னரே கடனுக்கு விண்ணப்பியுங்கள்.